குடல் பாக்டீரியா மாத்திரை சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம், யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு வயது 34, எடை 108 கிலோ. பின்கழுத்தில் அழுக்கு மாதிரி ஒரு கறுப்பு, அம்மா பீர்க்கங்கூடு வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தும் போகவில்லை. டாக்டர் பார்த்ததுமே சந்தேகப்பட்டார், ரத்தப் பரிசோதனையில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்றே வந்தது. அதற்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறான்.

இப்போது சிங்கப்பூர் மாமா குடல் பாக்டீரியா மாத்திரை இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறார். தேடிப் படித்தேன். 2019இல் பெல்ஜியத்தில் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களுக்கு அக்கெர்மான்சியா என்ற பாக்டீரியாவை 3 மாதம் கொடுத்துப் பார்த்ததில், சூடாக்கிச் செயலிழக்க வைத்ததுதான் இன்சுலின் வேலை செய்வதைக் கொஞ்சம் மேம்படுத்தியதாம், உயிருள்ளது அவ்வளவாக இல்லை, எடையும் பெரிதாக இறங்கவில்லை. சோதனையை முடித்தவர்களே 32 பேர்தான். அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் 'சர்க்கரையை விரட்டும்' என்று விற்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை.

மாமா அனுப்பியது அதுவும் இல்லை. லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று வேறு பெயர்கள், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறது. இங்கே கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும், இந்தச் சூட்டில் உள்ளே இருப்பது உயிரோடு இருக்குமா?

அப்புறம், மெட்ஃபார்மினோடு சேர்த்துச் சாப்பிட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வயிறு என்ன ஆனது? தம்பிக்கு ஏற்கனவே உப்புசம். அடுத்த வாரம் டாக்டரிடம் கேட்கும்வரை டப்பாவைப் பிரிக்கப் போவதில்லை. அம்மா பழைய சோறும் மோரும் போதும் என்கிறார். அவனோ லப்பெத்தும் (இங்கத்திய ஊறவைத்த தேயிலை) புளிக்கவைத்ததுதானே என்று எண்ணெய் சொட்டச் சொட்ட, வறுத்த கடலையோடு ஒரு தட்டு முடிக்கிறான்.