நம்ம குடும்பம் குழு: கட்டின பணம் திரும்புமா?

ராமு சித்தப்பா: அப்பீலில் ஜெயித்துவிட்டோம். புரோநோட்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு 🙏

கமலா அத்தை: மாரியம்மா கண் திறந்துவிட்டாள் தம்பி.

பாலு மாமா: சந்தோஷம் மச்சான். முதலில் தோற்றபோது கோர்ட்டில் கட்டிய 11 லட்சம்?

ராமு சித்தப்பா: அதுதான் கவலை. கேஸ் போட்டவர் அதை அன்றைக்கே கோர்ட்டிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது கேட்டால், தனியாகக் கேஸ் போட்டு வாங்கிக்கொள் என்கிறார்.

தேவி: தனிக் கேஸ் வேண்டாம் சித்தப்பா, போடவும் முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 144-ஆவது பிரிவில் ஒரு மனு போதும்.

கார்த்தி: 144-ஆ? நாலு பேர் கூடக் கூடாது என்பார்களே, அதுவா அக்கா? 😄

தேவி: அது குற்றவியல் சட்டத்து 144 டா. அதுவும் 2024 ஜூலையிலிருந்து 163 ஆகிவிட்டது. இது வேறு. டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, அப்பீலில் ரத்தானால், அந்த டிக்ரியே வராமல் இருந்திருந்தால் நாம் எப்படி இருந்திருப்போமோ அந்த நிலைக்குக் கோர்ட் கொண்டுவந்து விட வேண்டும். இதற்கென்று தனி வழக்குப் போடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் கோர்ட் ஃபீஸும் போயிருக்கும்.

பாலு மாமா: மனு மாவட்ட கோர்ட்டிலா?

தேவி: இல்லை மாமா, முதலில் டிக்ரி கொடுத்த சப் கோர்ட்டில்தான்.

கமலா அத்தை: அசல் வந்தால் போதும். வட்டி கிட்டி என்று இழுக்காதே தம்பி.

தேவி: அத்தை, அதை மட்டும் விடக் கூடாது. அந்தப் பணத்துக்காகச் சித்தி இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தார், இன்னும் மீட்கவில்லை. வட்டி, செலவுத்தொகை, நஷ்ட ஈடு எல்லாவற்றுக்கும் அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது. எத்தனை சதவீதம் என்பது கோர்ட் கையில். 2003-இல் சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே, கோர்ட் உத்தரவால் கிடைத்த ஆதாயத்தைக் கடைசியில் தோற்றவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

ராமு சித்தப்பா: ஹைகோர்ட் போவேன் என்கிறாரே அம்மா.

தேவி: போகட்டும், 90 நாள் இருக்கிறது. இரண்டாவது அப்பீல் போட்டதாலேயே எதுவும் நிற்காது, ஸ்டே, அதாவது தடை உத்தரவு, வாங்க வேண்டும். நமக்கு ஸ்டே கிடைக்காததால்தானே வீட்டு ஜப்தி வரை வந்து பணம் கட்டினோம்? அவருக்கும் அதே விதிதான். நாம் முந்திக்கொண்டு, எங்களையும் கேளுங்கள் என்று ஹைகோர்ட்டில் கேவியட் மனு போட்டுவிடலாம். நம்மைக் கேட்காமல் ஸ்டே வாங்குவது கஷ்டமாகிவிடும்.

கார்த்தி: ஆர்டர் ஆகியும் தராவிட்டால்?

தேவி: டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். அவர் சொத்தை ஜப்தி செய்யலாம். பணம் எடுக்கும்போது ஜாமீன் கொடுத்திருந்தால் ஜாமீன்தாரரையும் விடமாட்டோம். சித்தப்பா, தீர்ப்பு நகலுக்குக் காப்பி அப்ளிகேஷன் இன்றே போடுங்கள். பணம் கட்டிய சலானும் வேண்டும்.

ராமு சித்தப்பா: 📷 போட்டோ. இதுவா பார்.

தேவி: இது வீட்டு வரி ரசீது சித்தப்பா.

கார்த்தி: அப்பா, நீங்கள் பீரோவைத் தொடாதீர்கள். சலான் என் மெயிலில் இருக்கிறது, அனுப்புகிறேன்.