ஓவர்ரைடு செய்தால் அனோட்டேஷன் ஏன் காணாமல் போக வேண்டும்?

செம்பரத்தி:
எங்கள் ஜாவா நிரலில், தாய் வகுப்பில் (கிளாஸ்) பதிவுகளை நீக்கும் மெத்தடின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டின்) மேல், "நிர்வாகிக்கு மட்டும்" என்ற பொருளில் நாங்களே எழுதிய ஓர் அனோட்டேஷன், அதாவது நிரலின்மேல் ஒட்டும் குறிப்பு, இருந்தது. துணை வகுப்பில் ஒரு லாக் வரி சேர்க்க அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்தேன், அதாவது அதே பெயரில் மாற்றி எழுதினேன். அனோட்டேஷன் அதற்கு வந்துசேரவில்லை. கம்பைலர் முணுமுணுக்கவில்லை, டெஸ்டுகள் எல்லாம் தேறின. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் பதிவை நீக்க முடிந்தது! 2004-இல் ஜாவா 5 அனோட்டேஷனைக் கொண்டுவந்த நாள் முதல் இதே நிலைதான். இது வடிவமைப்புப் பிழை.

வில்லாளன்:
பிழை என்று ஏற்க மாட்டேன். துணை வகுப்புக்கு வந்துசேர்வது செயல்பாடு. அனோட்டேஷன், அது எழுதப்பட்ட இடத்தைப் பற்றிய குறிப்பு. நீங்கள் எழுதியது புதிய மெத்தட். தாய் வகுப்பின் மெத்தடில் "டெப்ரிகேட்டட்" (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்றிருந்தால், அதற்கு மாற்றாக எழுதியதும் அந்த முத்திரையைச் சுமக்க வேண்டுமா?

செம்பரத்தி:
பிறகு, அனோட்டேஷன் துணை வகுப்புக்கும் இறங்கட்டும் என்று குறிக்க "இன்ஹெரிட்டட்" என்று ஒன்று எதற்கு? அதையும் போட்டுப் பார்த்தேன், பயனில்லை.

வில்லாளன்:
அது வகுப்பின் மேல் இடும் அனோட்டேஷனுக்கு மட்டும், அதுவும் தாய் வகுப்பிலிருந்து மட்டும். மெத்தடுக்குச் செல்லாது, இன்டர்ஃபேஸிலிருந்தும் (வகுப்பில் எந்த மெத்தடுகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) வராது. ஒரு வகுப்பு இரண்டு இன்டர்ஃபேஸ்களை ஏற்கிறது. ஒன்றில் நேரவரம்பு 5 விநாடி, மற்றதில் 30. எதை எடுப்பது?

தறிநூல்:
இடையில் ஒரு சொல். சி ஷார்ப் மொழியில் அனோட்டேஷனுக்கு இணையான ஆட்ரிபியூட்டை உருவாக்குபவரே அது கீழே இறங்குமா என்று தீர்மானிக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் இறங்கும். ஓவர்ரைடு செய்த மெத்தடுக்கும்தான். இன்டர்ஃபேஸிலிருந்து அங்கும் வராது.

செம்பரத்தி:
நான் கேட்பதும் அந்த உரிமையைத்தான். டெப்ரிகேட்டட் வேறு, அனுமதி வேறு. எது எதுவென்று எழுதியவருக்குத் தெரியும்.

வில்லாளன்:
அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாதுகாப்பை ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடில் தொங்கவிட்டதுதான் கோளாறு. வெளியே தெரியும் மெத்தடை ஃபைனல் (ஓவர்ரைடு செய்ய முடியாதது) ஆக்கி, அனோட்டேஷனை அதில் வையுங்கள். அது உள்ளே, துணை வகுப்புகளுக்கு எட்டும் ஒரு புரொடெக்டட் மெத்தடை அழைக்கட்டும். துணை வகுப்பு அதை மட்டும் மாற்றட்டும்.

செம்பரத்தி:
எங்கள் அனுமதிச் சோதனை பிராக்ஸி, அதாவது அழைப்பை இடைமறிக்கும் பதிலிப் பொருள், வழியாக நடக்கிறது. பிராக்ஸியை அந்த வகுப்பின் துணை வகுப்பாகவே உருவாக்குகிறோம். ஃபைனல் மெத்தடை அதனால் இடைமறிக்க முடியாது.

வில்லாளன்:
அதை நான் எண்ணவில்லை. அப்படியென்றால் அனோட்டேஷனைத் தேடும் நிரலை மாற்றுங்கள். மெத்தடில் கிடைக்காவிட்டால் தாய் வகுப்புகளில் அதே மெத்தடைத் தேடி மேலே ஏறட்டும். துணை வகுப்பு அனுமதியைக் கழற்ற விரும்பினால், அதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கும்.

செம்பரத்தி:
எழுதட்டும். ரிவ்யூவில் அந்த வரி கண்ணில் படும்.