அண்டைக் கணுக்கள் குறைவாக உள்ள பெரிய வலையமைப்பில் ஒருமித்த முடிவு எட்ட முடியுமா?

கேள்வி

வலையமைப்பில் இணைந்த கணினிகளில், அதாவது கணுக்களில், பொய் சொல்லக்கூடியவை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், மற்றவை செய்திகளில் கையொப்பம் (அனுப்பியது யார் என்று காட்டும், போலியாக்க முடியாத குறி) இல்லாமலேயே ஒரே முடிவுக்கு வர முடியும் என்று பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும் 1980-இல் நிறுவினர். ஆனால் அந்த நிறுவலில் ஒவ்வொரு கணுவும் மற்ற எல்லாக் கணுக்களோடும் நேரடியாகப் பேசுகிறது. ஆயிரக்கணக்கான கணுக்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து அண்டைக் கணுக்களே அமைந்து, இடையில் இருப்பவை செய்தியைத் திரிக்கவும் விழுங்கவும் கூடுமானால், அந்த வரம்பு மட்டும் போதுமா?

மறுமொழி 1

போதாது. உங்கள் கணுவுக்கு நான்கு அண்டைகள் இருப்பதாகவும், அவற்றில் இரண்டு பழுதானவை, அதாவது பொய் சொல்லக்கூடியவை, என்றும் கொள்ளுங்கள். தொலைவிலுள்ள ஒரு கணு அனுப்பிய மதிப்பு ‘1’ என்று இரு வழிகளிலும் ‘0’ என்று இரு வழிகளிலும் வந்து சேர்ந்தால், எதை நம்புவது என்று தீர்மானிக்க வழியே இல்லை. ஐந்தாவது வழி ஒன்று இருந்திருந்தால் பெரும்பான்மை கிடைத்திருக்கும். பழுதானவற்றின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வரும் அளவுக்கு, இடைக் கணு எதையும் பகிராமல் ஒன்றையொன்று தொடாத வழிகள் எந்த இரு கணுக்களுக்கிடையிலும் வேண்டும் என்று டோலெவ் 1982-இல் காட்டியது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்

செய்திகளில் இலக்கமுறைக் கையொப்பம் இட்டால் இந்தத் தேவை குறையுமா?

மறுமொழி 2

குறையும். திரித்த செய்தி உடனே பிடிபட்டுவிடும் என்பதால், பழுதானவற்றைவிட ஒரு வழி கூடுதலாக இருந்தாலே போதும். ஆனால் நான்கு அண்டைகளும் பழுதாகிவிட்டால் அந்தக் கணுவைக் கையொப்பமும் காப்பாற்றாது, ஏனெனில் அதற்கு எந்தச் செய்தியும் வந்து சேராமல் தடுத்துவிடலாம். இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுதான் டுவார்க், பெலெக், பிப்பெஞ்சர், உப்ஃபால் ஆகியோர் 1986-இல் ‘ஏறக்குறைய எங்கும் உடன்பாடு’ என்ற இலக்கை முன்வைத்தனர்: சூழப்பட்ட சில நல்ல கணுக்களைக் கைவிட்டு, மற்ற அனைத்தும் ஒத்துப்போனால் போதும் என்பது அதன் சாரம். பெரிய வலையமைப்புக்கு இதுவே நேர்மையான இலக்கு என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செய்தி வந்து சேர உச்சவரம்பே இல்லையென்றால், ஒரே ஒரு கணு நின்றுபோகும் வாய்ப்பு இருந்தாலும், முடிவு நிச்சயம் எட்டப்படும் என்று எந்தத் தற்செயலற்ற நெறிமுறையாலும் (தற்செயல் தேர்வு ஏதுமின்றிக் கணுக்கள் பின்பற்றும் விதித்தொகுப்பாலும்) உறுதியளிக்க முடியாது என்று பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் 1985-இல் நிறுவினர். ஆகவே பென்-ஓர் 1983-இல் செய்ததுபோல் நாணயம் சுண்டுவது போன்ற தற்செயல் தேர்வைப் புகுத்துங்கள். அல்லது வலையமைப்பு சீராகும்வரை முடிவைத் தள்ளிப்போடும் நெறிமுறையைத் தேர்ந்தெடுங்கள். காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும், இரு கணுக்கள் இருவேறு முடிவுகளைப் பதிவுசெய்ய மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.