மறுமொழி: ‘எக்ஸ்திர்பசியோன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மத ஒடுக்குமுறை’ போதுமே? இல்லையென்றால் ‘களையெடுப்பு’. சின்னச் சொல், அழகாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

‘எக்ஸ்திர்பசியோன்’ என்பது, மெக்சிகோ மக்களின் பழைய வழிபாட்டை அடியோடு ஒழிக்கக் கிறித்தவத் துறவிகள் எடுத்த முயற்சிக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயர். அதற்கு ஒடுக்குமுறை போதாது. ஒடுக்கினால் ஒடுங்கியாவது கிடக்கும். 1524இல் மெக்சிகோ வந்த பன்னிரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் நினைத்தது, இல்லாமலே ஆக்குவதை. 1525 புத்தாண்டு இரவில் தெஸ்கோகோ நகரக் கோயில்களில் கைவைத்தார்கள். 1531இல் மெக்சிகோ ஆயர் சுமாராகா எழுதிய கடிதத்தில் 500க்கு மேல் கோயில்கள் இடிந்தன, 20,000க்கு மேல் சிலைகள் உடைந்தன என்று கணக்கு வருகிறது. பெருமைக்குச் சொன்ன கணக்கு, எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நோக்கம் தெரிகிறதல்லவா?

களையெடுப்பில் எனக்கு வேறு சிக்கல். களை என்பது நாம் விதைக்காமல் முளைத்தது. ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட அஸ்தெக்குகளின் வழிபாட்டைத் துறவிகள் அப்படித்தான் பார்த்தார்கள். வரலாறு எழுதுகிறவரும் அதையே சொன்னால், அவர் கையிலும் களைக்கொட்டு வந்துவிடும்.

என் பரிந்துரை ‘வேரறுப்பு’. மூலச் சொல்லுக்குள் இருக்கும் லத்தீன் ‘ஸ்திர்ப்ஸ்’ அடிமரத்தையும் வேரையும் குறிப்பது. வினையாகவும் தடையில்லாமல் வரும்: வேரறுத்தார்கள், வேரறுக்க முயன்றார்கள்.

> ஆனால் வேர் அறவில்லையே? சொல் பொய்யாகிவிடாதா?

வறுமை ஒழிப்பு என்று எழுதுகிறோம், வறுமை ஒழிந்தா விட்டது? சொல் முயற்சியைத்தான் குறிக்கிறது.

வேர் அறவில்லை என்பது உண்மைதான். தண்டுக்கீரை இனத்துச் செடி ஒன்றின் விதையை மாவாக்கிப் பிசைந்து அந்த மக்கள் தெய்வ உருவங்கள் செய்வார்கள், பெயர் த்சோவால்லி. வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பிட்டுத் தின்றுவிடுவார்கள். அப்புறம் உடைக்க என்ன இருக்கிறது! ஸ்பானியர் மெக்சிகோவை வென்று நூறாண்டு கழித்து, 1629இலும் ருயிஸ் தெ அலர்கோன் என்ற பாதிரியார் இதைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். இன்னொன்று: பழைய சிற்பக் கற்களை ஸ்பானியர் காலக் கட்டடங்களுக்குத் தூணடிகளாகச் செதுக்கியபோது, சிலவற்றின் அடிப்பக்கத்தில் பூமித் தெய்வம் த்லால்தெகுத்லியின் உருவம் அப்படியே தங்கிவிட்டது. அந்தத் தெய்வத்தை மண்ணைப் பார்த்தபடி அடியில் செதுக்குவதுதான் அஸ்தெக்குகளின் வழக்கமே.

இந்த வழிபாட்டைத் துறவிகள் ஏளனமாகக் குறித்த ஸ்பானியச் சொல் ‘இதொலாத்ரியா’. அதற்கு ‘உருவ வழிபாடு’ வேண்டாம், அதில் வசவு இல்லை. துறவிகள் பேசும் இடங்களில், தமிழ் பைபிளில் உள்ள ‘விக்கிரகாராதனை’யைப் போடலாம். அந்த ஏளனம் தமிழில் அந்தச் சொல்லில்தான் வரும். நாம் பேசும் இடத்தில் ‘வழிபாட்டு வேரறுப்பு’ என்றே இருக்கட்டும். ‘விக்கிரகாராதனை வேரறுப்பு’ என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது.

சரி, இதைச் செய்தவரை என்ன சொல்வது? ‘வேரறுப்பாளர்’ என்றால் ஏதோ அரசுப் பதவி மாதிரி ஒலிக்கிறது. சில இடங்களில் அது உண்மையிலேயே பதவியாக இருந்தது என்பதால் விட்டுவிடலாமா, அல்லது வேறு ஏதாவது தோன்றுகிறதா?