டிஎஃப்டிபி வழியாக ரௌட்டருக்கு ஃபர்ம்வேர் போக மாட்டேங்குது

வெண்ணாறு:
மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில் ரௌட்டர். ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் ஓடும்போது கரண்ட் போய் பாதியில் நின்றுவிட்டது. ரீசெட்டை அமுக்கிக்கொண்டே ஆன் செய்தால் லைட் வேறு மாதிரி சிமிட்டுகிறது, அதனால் பூட்லோடர் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) உயிரோடுதான் இருக்கிறது. உபுண்டு லேப்டாப்பில் டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் எளிய முறை) சர்வர், ஐபி 192.168.1.2, நேரடி கேபிள், ஃபைல் 15 எம்பி. சர்வர் லாகில் (பதிவில்) ஒரு வரிகூட வரவில்லை. எதை விட்டேன்?

குடமுருட்டி:
ஃபைல் பெரிசா இருக்குமோ? 32 எம்பி தாண்டினால் டிஎஃப்டிபி திணறும்.

அரசலாறு:
@குடமுருட்டி இங்கே அது இல்லை சார். ஃபைல் பிளாக் பிளாக்காகப் போகும்; ஒரு பிளாக் 512 பைட், பிளாக் எண் 16 பிட், அதாவது 65,535 வரைதான். 65,535 × 512 போட்டால் வருவதுதான் அந்த 32 எம்பி. 15 எம்பிக்குக் கவலையே வேண்டாம். லாகே வரவில்லை என்றால் ரெக்வெஸ்ட்டே சர்வருக்குப் போகவில்லை.

@வெண்ணாறு, ஐபியை எங்கிருந்து எடுத்தீர்கள்? மாடலுக்கு மாடல் மாறும். சில பூட்லோடர் தானே சர்வராகக் காத்திருக்கும், நாம்தான் ஃபைலைத் தள்ளவேண்டும். சிலது கிளையண்டாக வந்து கேட்கும். குத்துமதிப்பு வேண்டாம், ரௌட்டரையே பேசவிடுங்கள். டிசிபிடம்ப்பில் (கேபிளில் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஏஆர்பி (இந்த ஐபி யாருடையது என்று கேட்பது), யூடிபி 69 (டிஎஃப்டிபி ரெக்வெஸ்ட் வரும் போர்ட்) இரண்டையும் பார்த்தபடி ஆன் செய்யுங்கள். "192.168.0.66 யார்?" என்கிற மாதிரி ஏஆர்பி வந்தால் அந்த ஐபியை லேப்டாப்புக்குக் கொடுங்கள். அடுத்த தடவை ஃபைல் பெயரும் ரெக்வெஸ்ட்டிலேயே தெரியும். எழுத்துக்கு எழுத்து அதே பெயர் வைத்து, எல்லாரும் படிக்கிற பெர்மிஷன் கொடுங்கள்.

நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் போடுங்கள். நேரடி கேபிளில் ரௌட்டர் ரீபூட் ஆகும்போது லேப்டாப்பின் நெட்வொர்க் இணைப்பும் விழுந்து எழும். அது எழுவதற்குள் பூட்லோடர் ரெண்டு மூணு தடவை கேட்டுவிட்டுப் போய்விடும்.

வெண்ணாறு:
ஸ்விட்ச் போட்டேன், ஐபி மாற்றினேன். டம்ப்பில் ரெக்வெஸ்ட் வருகிறது, ஃபைல் பெயரும் தெரிகிறது. லாக் மட்டும் இன்னும் காலி.

அரசலாறு:
ஃபயர்வால்தான் தடுக்கிறது. டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும், சர்வர் பின்னால் இருக்கிறது. உள்ளே வரும் யூடிபி 69-ஐத் திறங்கள். சர்வர் டேட்டாவை வேறு போர்ட்டிலிருந்து அனுப்பும்; முதல் பாக்கெட் நம் பக்கத்திலிருந்து போவதால் அதற்குத் தனி ரூல் வேண்டாம். லேப்டாப் கிளையண்டாக இருந்தால்தான் அந்த வேறு போர்ட் சிக்கல் பண்ணும்.

குடமுருட்டி:
ரௌட்டரை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஃபைல் போனதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள், அதற்குப் பிறகுதான் ஃபிளாஷில் (ரௌட்டரின் நிரந்தர நினைவகத்தில்) எழுதும். தானாக ரீபூட் ஆகும்வரை, ஐந்து நிமிஷம் ஆனாலும், பிளக்கில் கை வைக்க வேண்டாம். முடிந்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள், டிஎஃப்டிபிக்குப் பாஸ்வேர்டே கிடையாது.

வெண்ணாறு:
69 திறந்ததும் ஃபைல் போய்விட்டது. இப்போது லைட் சிமிட்டுகிறது, தொடவில்லை.