பசுவுக்காக ஏற்றிய மெழுகுதிரி

தாண்டவன்வெளியிலிருந்து:

என் கணவர் இறந்து இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு பூசையும் நான் விட்டதில்லை. செபமாலையும் சொன்னேன். ஆனால் எனக்கென்று எதையும் கேட்க வாய் வரவில்லை. விரலில் மணி நகரும், மனம் எங்கோ நிற்கும். வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

அந்த வருடம் மட்டக்களப்பு ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழாவுக்கு நடந்து போனேன். பெரியம்மாவின் நேர்த்தி அது. அவவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் நான் போனேன். செப்டம்பர் தொடக்கம், மழையைக் கண்டு மாதக்கணக்கு. வலையிறவுப் பாலம் தாண்டினால் புழுதியும் வெயிலும்தான். வழியில் மோரும் தண்ணீரும் கொடுத்தவர்களில் நிறையப் பேர் சைவக்காரர்.

ஒரு வேலியோரம் திருநீறு பூசிய ஆச்சி ஒருவர் வாளித் தண்ணீரோடு நின்றார். குடிக்கக் கொடுத்தார். பிறகு கேட்காமலே என் காலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். நெருப்பாய்க் கொதித்த பாதம் அது. ஐயோ என்று கத்திச் சிரித்துவிட்டேன். ஆச்சியும் சிரித்தார். "மனே, மாதாட்டத்தானே போறாய்? என்ட பசு தலைக்கன்று போடப்போகுது. பயமாக் கிடக்கு. ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு" என்று இருபது ரூபாயை என் கைக்குள் வைத்து மடித்துவிட்டார்.

மாதாவின் முன் பெரியம்மாவின் மெழுகுதிரியை ஏற்றினேன். பிறகு பசுவுக்காக ஒன்று. அம்மா, அந்தப் பசுவைப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னபோது அழுகை வந்தது. இரண்டு வருடத்தில் நான் மனதாரக் கேட்ட முதல் மன்றாட்டு அதுதான். அதற்குப் பிறகு கணவரைப் பற்றியும் பேச முடிந்தது. நெடுநேரம் அங்கேயே இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து பஸ் ஏறிப் போய் ஆச்சியைத் தேடினேன். கிடாரிக் கன்று! எனக்கென்று ஒரு போத்தலில் கடும்புப்பால் தந்தார். இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். யாராவது எதையாவது சொன்னால் எழுதி, காலையில் தேநீர் கொதிக்கும்போது ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவேன். என் நாளில் மிகச் சந்தோசமான நேரம் அதுதான்.

புளியந்தீவிலிருந்து:

அக்கா, நான் மெதடிஸ்த சபை. எங்களுக்கு வருடத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755இல் ஆரம்பித்த வழக்கம். கர்த்தருக்காக வேலை செய்யவும் சம்மதம், அவருக்காக ஒதுக்கிவைக்கப்படவும் சம்மதம் என்று சபையாக அதில் சொல்லுவோம். சின்ன வயதிலிருந்து சொல்லி வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருடம் அதைச் சொல்லி மூன்றாம் வாரம் என் வேலை போய்விட்டது.

அப்போது வில்லியம் ஓல்ட்டை அடிக்கடி நினைத்தேன். 1814இல் மெதடிஸ்த மிஷனரியாக மட்டக்களப்புக்கு வந்து, நான் படித்த மத்திய கல்லூரியைத் தொடங்கியவர். 1815இலேயே இறந்துவிட்டார். ஒரு வருடம்கூட இல்லை. ஒதுக்கிவைக்கப்படுவது என்றால் என்ன என்று அவரிடம் கேட்க வேண்டும் போல இருந்தது.

வேலையில்லாத அந்த மாதங்களில் மகனை வாவிக்குக் கூட்டிப்போய் வீச்சுவலை எறியப் பழக்கினேன். அதுவரை அவன் நித்திரையால் எழும்ப முன்னம் நான் வேலைக்குப் போய்விடுவேன். முதல்முதல் அவன் எறிந்த வலை வட்டமாக விரிந்ததைப் பார்த்து, தண்ணீரில் நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன். இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை வலை மட்டும் நிற்கவில்லை.

கல்லடியிலிருந்து:

2019 உயிர்த்த ஞாயிறு காலை சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நான் வேறு கோயிலில் பூசையில் இருந்தேன். அதன்பின் கூட்டம் கூடும் இடமென்றாலே நெஞ்சு படபடக்கும். அடுத்த உயிர்ப்பு விழாவுக்குக் கொரோனா ஊரடங்கு, கோயில் பூட்டு. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அம்மம்மா விடியமுன் எழும்பி, மேசையில் வெள்ளை விரித்து, முற்றத்து நித்தியகல்யாணியைப் பிடுங்கிவந்து வைத்து, எல்லோரையும் எழுப்பி அல்லேலூயா பாட வைத்தா. அவவுக்குக் குரலே கிடையாது. அடுத்த வீட்டிலிருந்தும் ஒரு அல்லேலூயா கேட்டது, பிறகு பின்வளவிலிருந்து ஒன்று. மதிலுக்கு மதில் பாடினோம்.

இப்போது கோயிலுக்குப் போகிறேன், கதவோரம்தான் இருப்பேன். அக்கா, உங்கள் கொப்பியில் என்னையும் எழுதுவீர்களா?

தாண்டவன்வெளியிலிருந்து:

எழுதிவிட்டேன், தங்கச்சி. ஆச்சியின் பசுவுக்குக் கீழே உங்கள் பெயர்தான். அது இந்த மாதம் மறுபடி கன்று போடுகிறது.