ஜெனரேட்டர் கரண்டை யூபிஎஸ் ஏற்க மறுக்கிறது, உதவி தேவை

வணக்கம். கோவையில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கு ரேக், 20 கேவிஏ 3 பேஸ் ஆன்லைன் யூபிஎஸ், 40 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் (இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் பழைய மெக்கானிக்கல் வகை), 2 டன் ஏசி மூன்று.

கரண்ட் போனதும் ஜெனரேட்டர் 15 வினாடியில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் யூபிஎஸ் அந்தச் சப்ளையை ஒரு நிமிடம் வாங்கிவிட்டு மறுபடி பேட்டரிக்கே போய்விடுகிறது. போன செவ்வாய் மின்வாரியப் பராமரிப்பு நாள். பேட்டரி இறங்கி மொத்த அறையும் படுத்துவிட்டது.

மூன்று வாரம் முன்பு 42 ஏஎச் பேட்டரிகளை எடுத்துவிட்டு 65 ஏஎச் போட்டோம். தொல்லை அதற்குப் பிறகுதான். அப்போது சார்ஜர் கரண்டையும் கூட்டி வைத்தார்கள்.

பேஸ் வரிசை சரி. வோல்டேஜ் 405க்குக் கீழே போகவில்லை. டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஃப்ரீக்வென்சிதான் ஆடுகிறது: லோடு இல்லாமல் 51.8, மூன்றாவது ஏசி கம்ப்ரசர் எடுக்கும்போது 48.6. யூபிஎஸ்ஸில் வரம்பை 50க்கு இரு பக்கமும் 3 ஹெர்ட்ஸ் என்று விரித்தும் பலனில்லை. ஏசியை மொத்தமாக அணைத்தால் யூபிஎஸ் அடங்கி நிற்கிறது, ஆனால் பத்தே நிமிடத்தில் ரேக் முகப்பில் 34 டிகிரி. ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பு) சொல்வது 18 முதல் 27.

யூபிஎஸ்காரர் ஜெனரேட்டரைக் கை காட்டுகிறார், மெக்கானிக் யூபிஎஸ்ஸை. வழக்கமான கதைதான்.

இதே நிலையைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்: ஜெனரேட்டரில் ஓடும்போது சார்ஜர் கரண்டைக் குறைத்தாலே போதுமா, எலக்ட்ரானிக் கவர்னர் போட்டே ஆக வேண்டுமா?